கெரிசும் அதன் காலமும்

பழம்பொருள்கள் பேசும் என்பர் அறிஞர். கல்வெட்டானது தன்னை வெட்டுவித்த மன்னன் பெயரையும் அவனது ஆட்சியாண்டையும் தானே எடுத்துரைக்கும். நாணயம் தன்னை அடித்த அரசின் முத்திரையைத் தன் முகத்தில் தாங்கி நிற்கும். செப்பேடு, கொடுத்தவன் யாவன், பெற்றவன் யாவன், கொடுத்த நாள் யாது என்பவற்றை விளங்கக் கூறும். இரும்பாற் செய்த படைக்கலமோ பெரும்பாலும் அவ்வாறு பேசுவதில்லை. அதனை அடித்த கொல்லன் தன் பெயரை அதன்மேல் பொறிப்பது அரிது. ஆண்டினைக் குறிப்பது அதனினும் அரிது. ஆதலின் ஒரு பழைய வாளைக் கையில் எடுத்து, 'இஃது எந்நாட்டது? எக்காலத்தது? எவருடையது?' என வினவுவோன் அவ்வாளின் உறுப்புகளையே எழுத்துகளாகக் கொண்டு படித்தல் வேண்டும். அவ்வாறு படிக்கும் முறையைச் சாவக நாட்டின் கெரிசு என்னும் குறுவாளைக் கொண்டு இப்பாடத்தில் காண்போம்.

கெரிசின் இயல்பு

மணிமேகலைக் காப்பியத்துள் சாவகம் என்னும் நாடு பேசப்படுகின்றது. இன்று இந்தோனேசியக் குடியரசின் பகுதியாக விளங்கும் ஜாவாத் தீவையே அப்பெயர் குறிக்கும் என்பர் ஆராய்ச்சியாளர் பலர். அத்தீவின் மக்கள் தொன்றுதொட்டுப் போற்றிவரும் குறுவாளே கெரிசு. அஃது இருபுறமும் கூருடையது. பிடியை அடுத்த அடிப்பகுதி ஒருபுறம் மிக அகன்றும் மறுபுறம் சற்றே குறுகியும் இருக்கும். அங்கிருந்து நுனி நோக்கிப் படிப்படியாகச் சிறுத்துச் செல்லும். சில கெரிசுகள் நேரானவை. வேறு சில பாம்பு நெளிவது போல் வளைந்தவை.

போர்க்கருவியாகப் பிறந்த இக்குறுவாள் நாளடைவில் குலத்தின் சின்னமாயிற்று. தந்தை அதனைத் தன் மைந்தனுக்கு வழிவழிச் செல்வமாக அளிப்பான். மணமகன் மணநாளில் அதனை இடைக்கச்சின் பின்புறம் செருகிக் கொள்வான். சிறப்புடைய கெரிசுகளுக்குத் தனிப்பெயர் இட்டு, 'கியாய்' என்னும் மதிப்புச் சொல்லை அப்பெயருக்கு முன் சேர்த்து வழங்குவர். அதனை ஆக்கும் கொல்லனை 'எம்பு' எனச் சிறப்பித்து அழைப்பர். யுனெஸ்கோ நிறுவனம் 2005ஆம் ஆண்டில் இந்தோனேசியக் கெரிசுக் கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றென அறிவித்து, 2008ஆம் ஆண்டில் தன் பட்டியலிலும் சேர்த்துக் கொண்டது.

இத்தகைய பொருளின் காலத்தைப் பிறழக் கூறுதல் சிறு பிழையன்று. பாட்டன் வாள் எனப் பேணியது நேற்று அடித்த வாளாக இருக்கலாம். மலிந்த வாள் என மூலையில் எறிந்தது ஒரு வேந்தன் இடையில் விளங்கிய வாளாக இருக்கலாம். முன்னதை உண்மையென நம்பினால் வரலாற்றில் பொய் புகும். பின்னதைப் புறக்கணித்தால் வரலாற்றினின்றும் மெய் மறையும்.

உறுப்புகளை அறிதல்

கெரிசை ஆராய்வோன் முதற்கண் அறிய வேண்டுவது யாது? கெரிசு ஒரே பொருளன்று. பல உறுப்புகளின் தொகுதி என்பதே அது. கூருடைய இரும்புப் பகுதி அலகு எனப்படும். அலகின் அடியில் குறுக்காக ஓர் இரும்புத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். அதற்கு மேல் உலோகத்தாலாகிய வளையமும், பெரும்பாலும் மரத்தாலாகிய பிடியும் அமையும். அலகைப் பாதுகாக்க மரத்தால் உறை உண்டு; உறையின் கீழ்ப்பகுதியைப் பித்தளை, வெள்ளி, பொன் முதலியவற்றாலாகிய போர்வை மூடியிருக்கும்.

இவ்வுறுப்புகள் யாவும் ஒரே நாளில் தோன்றியவை என்று கொள்ளுதல் கூடாது. இரும்பு நெடுங்காலம் நிற்கும். மரமோ பிளக்கும், உளுக்கும், உடையும். ஆதலின் கெரிசை உடையவர்கள் காலந்தோறும் புதிய பிடியும் புதிய உறையும் செய்வித்தனர். அலகு ஒரு நூற்றாண்டினதாகவும், பிடி மற்றொரு நூற்றாண்டினதாகவும், உறை நம் காலத்ததாகவும் இருப்பதுண்டு. பிடியைக் கண்டு அலகின் வயதை உரைத்தல், ஒருவன் உடுத்த ஆடையைக் கண்டு அவனது அகவையைக் கூறுவது போலாகும்.

ஆயினும் ஆடையும் ஒரு செய்தி கூறாமற் போவதில்லை. சாவகத்தின் நடுப்பகுதியை ஆண்ட மாத்தரம் அரசு 1755ஆம் ஆண்டில் கியாந்தி உடன்படிக்கையால் இரண்டாகப் பிரிந்தது. சூராகர்த்தா, யோகியகர்த்தா என இரு அரண்மனைகள் எழுந்தன. ஒவ்வோர் அரண்மனையும் தனக்கெனப் பிடியிலும் உறையிலும் ஒரு வடிவத்தை வகுத்துக் கொண்டது. விழா நாளில் அணியும் உறையின் மேற்பகுதி, படகின் இரு முனைகள் போல நீண்டு வளைந்திருக்கும். அன்றாடம் அணியும் உறையின் மேற்பகுதி உருண்டு திரண்டு அடக்கமாக இருக்கும். இவற்றின் நுண்ணிய வேறுபாடுகளைக் கண்டு, இவ்வுறை இன்ன அரண்மனை வழக்கினது எனப் பழகியவர் கூறிவிடுவர். யோகியகர்த்தா அரண்மனை வழக்கில் அமைந்த உறை அவ்வரண்மனை தோன்றியதற்கு முற்பட்டதாதல் இயலாது. அதனுள் உறங்கும் அலகோ அதற்கு முந்நூறு ஆண்டு மூத்ததாகவும் இருத்தல் கூடும்.

இனி, அலகினை நோக்குவோம். நெளிந்த அலகின் வளைவுகளை இருபுறமும் மாறி மாறி எண்ணுதல் மரபு. அவ்வெண் எப்பொழுதும் ஒற்றைப்படையாகவே இருக்கும். மூன்று, ஐந்து, ஏழு எனப் பதின்மூன்று வரை வருதல் பெருவழக்கு. இரட்டைப்படை வருமாயின், எண்ணியவர் தவறினார் என்றோ, அலகின் நுனி ஒடிந்து திருத்தப்பட்டது என்றோ ஐயுறல் வேண்டும். வளைவு மிகுந்தது பழமையானது என்று சிலர் கருதுவர். அஃது உண்மையன்று. வளைவின் எண்ணிக்கை கெரிசின் வகையைக் காட்டுமேயன்றி வயதைக் காட்டாது. மிகப் பழமையானவை எனக் கருதப்படும் கெரிசுகள் குறுகிய, அகன்ற, தடித்த, நேரான அலகுடையனவே.

அலகின் அடிப்பகுதியில் நுண்ணிய வேலைப்பாடுகள் பல உள. முன்புறத்தில் யானையின் துதிக்கை போலச் சுருண்ட உறுப்பொன்று விளங்கும்; அதனைச் சாவக மக்கள் பயற்றின் பூ எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர். அதன் கீழ் உள்ள சிறு முனைக்கு 'யானையின் உதடு' எனப் பெயர். பின்புறத்தில் வாளின் பற்கள் போன்ற வேலை காணப்படும். இவற்றுள் எவை உள்ளன, எவை இல்லை, வளைவு எத்துணை என்பவற்றைக் கொண்டு வகைப்பெயர் இடுவர். அடித்தகட்டின் இரும்பும் அலகின் இரும்பும் நிறத்தாலும் வரியாலும் ஒத்திருக்கின்றனவா எனவும் நோக்கல் வேண்டும். ஒவ்வாவிடின், பழைய அலகிற்குப் பிற்காலத்தார் புதிய தகடு பொருத்தினர் என உணரலாம்.

இரும்பில் எழும் கோலம்

கெரிசின் அலகைச் சாய்த்துப் பிடித்தால் கரிய இரும்பின்மேல் வெண்ணிற வரிகள் கோலமிட்டாற் போல விளங்கக் காணலாம். இதற்குப் 'பாமோர்' எனப் பெயர். கொல்லன் இருவகை உலோகங்களை அடுக்கி, உலையிற் காய்ச்சி, அடித்து மடித்து, மீண்டும் காய்ச்சி அடிப்பான். அவ்வாறு பன்முறை செய்தலால் அடுக்குகள் பலவாகப் பெருகும். பின்னர் எலுமிச்சைச் சாற்றால் அலகைத் தூய்மை செய்து, பாடாணக் கலவை பூசுவர். இரும்பு கறுக்கும், நிக்கல் கலந்த அடுக்கு வெண்மை மாறாது நிற்கும். சிந்திய அரிசி, பொன்மழை, தென்னங்கீற்று எனப் பொருள்படும் பெயர்களால் இக்கோலங்களை வழங்குவர். உழவும் தென்னையும் நிறைந்த நாட்டில் கொல்லனும் அவற்றையே தன் இரும்பில் கண்டான் போலும்!

பாமோர் முழுவதும் விண்ணினின்று வீழ்ந்த இரும்பாலாயது என்று கூறுவாருளர். சாவகத்தில் பிரம்பானன் என்னும் ஊருக்கு அருகே கிடைத்த விண்கல்லின் பெரும்பகுதி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சூராகர்த்தா அரண்மனைக்குக் கொண்டு செல்லப்பட்டது. அவ்விரும்பைக் கொண்டு அரண்மனைக் கொல்லர் கெரிசு செய்ததும் உண்மையே. ஆனால் அதற்குப் பன்னூறாண்டுகளுக்கு முன்னரே பாமோர் இருந்தது. சுலவேசித் தீவின் லூவு நாட்டிலிருந்து வந்த, நிக்கல் கலந்த மண்ணுலக இரும்பே பலவற்றிற்கு மூலமாயிற்று.

இவ்விடத்து வேதியியல் நமக்குத் துணை செய்கின்றது. நிக்கலை ஒரு தனிமம் எனப் பிரித்தறிந்தவர் சுவீடன் நாட்டுக் கிரான்ஸ்டெட் என்பவர்; ஆண்டு 1751. தூய நிக்கல் தகடு ஐரோப்பியத் தொழிற்சாலைகளினின்று சாவகக் கொல்லர் கைக்கு வந்தது அதற்கும் வெகுநாட் பின்னரே. ஓர் அலகின் வெண்வரி தூய நிக்கலே என்பது ஆய்வுக்கூடத்தில் புலனாயின், அவ்வலகு மஜபாகித் பேரரசின் காலத்தது எனக் கூறும் கூற்று அக்கணமே வீழ்ந்துவிடும். உடையவர் எத்துணை உறுதியாக நம்பினும், குடும்பக் கதை எத்துணை இனிதாக இருப்பினும், அச்சான்றின் முன் அவை நில்லா.

ஆண்டு கூறும் சான்றுகள்

கெரிசு என்னும் வடிவம் எக்காலத்தில் வழங்கியது என்பதற்கு ஐயமற்ற சான்றுகள் சில உள. லாவு மலைச் சாரலில் சுக்கூ என்னும் கோயில் ஒன்று உளது. அதன் சிற்பமொன்றில் கொல்லன் பட்டறை அழகுறச் செதுக்கப்பட்டுள்ளது. ஒருபுறம் கொல்லன் படைக்கலம் செய்கின்றான். மறுபுறம் ஒருவன் நெடிது நிற்கும் இரட்டைக் குழாய்த் துருத்தியை இயக்குகின்றான். நடுவே யானைமுகன் ஆடுகின்றான். கொல்லனை வீமன் என்றும், துருத்தி இயக்குவோனை அருச்சுனன் என்றும் அறிஞர் கொள்வர். அங்குச் செதுக்கப்பட்ட கருவிகளுள் கெரிசும் ஒன்று.

அக்கோயிலின் ஆண்டு எவ்வாறு தெரிந்தது? எண்களைச் சொற்களால் மறைத்துக் கூறும் வழக்கம் சாவகத்தில் உண்டு. கோயில் வாயிலில் ஒரு பூதம் மனிதனை விழுங்குவதாகச் சிற்பம் உளது. அதனைச் சொல்லாக்கிப் படித்தால் 'கபுர' என்பது முதற்சொல். அதுவே நம் கோபுரம். உடம்பின் வாயில்கள் ஒன்பதாதலின் அச்சொல் 9 ஆகும். பூதங்கள் ஐந்தாதலின் அடுத்த சொல் 5 ஆகும். மூன்றாம் சொல் 3 ஆகவும், மனிதனைக் குறிக்கும் இறுதிச் சொல் 1 ஆகவும் நிற்கும். இவற்றைப் பின்னிருந்து முன்னாக வைத்தால் சக ஆண்டு 1359. சக ஆண்டோடு 78 கூட்டக் கிறித்துவ ஆண்டு 1437 ஆகும். சொல்லால் எண்ணுரைக்கும் இம்முறை நம் நாட்டு நூலோர்க்கும் புதிதன்று.

அதே நூற்றாண்டில் சீனக் கடற்றலைவர் செங் ஹேயின் மரக்கலங்களில் மொழிபெயர்ப்பாளராகச் சென்றவர் மா ஹுவான். மூன்று வயதுச் சிறுவன் முதல் முதியவர் வரை ஆடவர் அனைவரும் இடையில் குறுவாள் செருகியிருந்தனர் என்றும், அது வரிகளையுடைய சிறந்த எஃகாலாயது என்றும், அதன் பிடி பொன்னாலும் காண்டாமிருகக் கொம்பாலும் யானைத் தந்தத்தாலும் அமைந்தது என்றும் அவர் தம் நூலில் எழுதியுள்ளார்.

அலகின்மேலேயே ஆண்டு பொறித்த அரிய கெரிசும் ஒன்று உளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யோகியகர்த்தாவின் இளவரசர் ஐந்தாம் பாகு ஆலம், சார்லசு கிநாடு என்னும் ஒல்லாந்த மருத்துவருக்கு ஒரு கெரிசு அளித்தார். மெல்லிய செப்புத் தகடு போர்த்து, இராமாயண நிகழ்ச்சிகளைப் பொறித்த அலகு அது. அதில் சக ஆண்டு 1264 காணப்படுகின்றது, அஃதாவது கி.பி. 1342. ஆயினும் செப்புப் போர்வை இரும்பு அலகிற்குப் பிற்பட்டதாதல் கூடும் எனவும், ஆதலின் அலகு இன்னும் மூத்ததாக இருக்கலாம் எனவும் அறிஞர் கருதுவர். எழுதிய ஆண்டும் எப்பகுதிக்கு உரியது என வினவ வேண்டுவதாயிற்று!

ஆண்டினைக் கணக்கிடுவதிலும் கருத்து வேண்டும். மாத்தரத்தை ஆண்ட சுல்தான் ஆகுங் 1633ஆம் ஆண்டில் நாட்காட்டியைத் திருத்தினார். சக ஆண்டு அப்பொழுது 1555. அந்த எண் வரிசையை விடாது வைத்துக்கொண்டு, ஆண்டின் அளவை மட்டும் சந்திர முறைக்கு மாற்றினார். சந்திர ஆண்டு ஏறத்தாழப் பதினொரு நாள் குறைவுடையது. ஆகவே ஒரு பொருளில் 1700 எனச் சாவக ஆண்டு காணப்படின், 78 கூட்டி 1778 என்றல் தவறு; அவ்வாண்டு தொடங்கியது கி.பி. 1774இல் ஆகும்.

மரபு வழி மதிப்பீடு

ஆண்டு பொறியாத அலகுகளே பெரும்பாலன. அவற்றைச் சாவக வல்லுநர் 'தங்கூ' என்னும் முறையால் மதிப்பிடுவர். இரும்பின் நிறம், அதன் நெருக்கம், கனம், பாமோரின் இயல்பு, அலகின் சாயல், அடித்தகட்டின் வளைவு ஆகிய அனைத்தையும் கண்ணாலும் விரலாலும் உணர்ந்து, 'இது மஜபாகித்', 'இது மாத்தரம்', 'இது சூராகர்த்தா' எனக் கூறுவர். மஜபாகித் அலகு மெலிந்து இலேசானது என்றும், சூராகர்த்தா அலகு பெரியது என்றும் மரபு கூறும்.

தங்கூ என்னும் சொற்குப் பொருள் மதிப்பீடு என்பதே, முடிவு என்பதன்று. இதனை மறத்தலாகாது. பிற்காலக் கொல்லர் முற்காலப் பாணியில் அடித்த கெரிசுகள் பலவுள. அவை ஏமாற்றும் நோக்குடன் செய்தனவும் அல்ல. முன்னோர் கலையைப் போற்றி அதன் வழி நின்று செய்தவையே. ஆதலின் 'மஜபாகித் பாணியினது' என்பதும் 'மஜபாகித் காலத்தது' என்பதும் ஒன்றல்ல. தேய்வும் முழுச் சான்றாகாது. ஆண்டுதோறும் சூரோ மாதத்தில் புளிப்பு நீரால் கழுவப்பெறும் அலகு மெல்ல மெல்ல அரிபட்டுச் சிறுத்தல் இயல்பே. ஆனால் புதிய அலகையும் புளிப்பு நீரில் நெடுநேரம் ஊறவைத்து அரிக்கச் செய்து, பழையதென விற்பாரும் உளர்.

இந்நிலையில் உறுதியான துணையாவன பழைய பதிவேடுகள். ஐரோப்பிய மன்னர்களின் அருங்கலக் கூடங்களில் பதினேழாம் நூற்றாண்டிலேயே சேர்ந்த கெரிசுகள் உள. ஒரு கெரிசு இன்ன ஆண்டில் கூடத்துக்கு வந்தது எனப் பதிவேடு கூறின், அஃது அவ்வாண்டிற்கு முன்னரே செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை. அத்தகைய அலகுகளோடு ஒப்பிட்டு நோக்கினால் ஏனையவற்றின் காலமும் ஓரளவு தெளிவுறும்.

தீபநகர இளவரசரின் கெரிசு

பதிவேடு எத்துணைச் சிறந்தது என்பதையும், அது சிதறின் விளையும் இழப்பையும் ஒரு கெரிசின் வரலாறு காட்டும். யோகியகர்த்தா அரச குடும்பத்தில் தோன்றிய இளவரசர் தீபநகரர். இவரைத் திபோநெகோரோ எனச் சாவகர் வழங்குவர். 1825 முதல் 1830 வரை ஒல்லாந்தரை எதிர்த்துப் பெரும்போர் புரிந்த இவர், மாகலாங் நகரில் பேச்சு நடத்தச் சென்றபோது 1830 மார்ச்சு 28ஆம் நாள் சிறைப்படுத்தப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டு, 1855ஆம் ஆண்டில் மக்காசர் நகரில் உயிர் நீத்தார்.

அவருடைய கெரிசு கிளேரென்சு என்னும் படைத்தலைவர் கைக்குச் சென்றது. அவர் அதனை 1831ஆம் ஆண்டில் நெதர்லாந்து மன்னர் முதலாம் வில்லியத்துக்கு அளித்தார். மன்னரின் அருங்கலக் கூடத்தில் அது வைக்கப்பட்டது. 1883ஆம் ஆண்டில் அக்கூடம் மூடப்பெற்றது. பொருள்கள் பல இடங்களுக்குப் பிரிந்தன. கெரிசு லெய்டன் நகர அருங்காட்சியகத்தை அடைந்தது. ஆனால் அதன் வரலாறு அதனோடு செல்லவில்லை. பல கெரிசுகளுள் ஒன்றாய்ப் பெயரிழந்து அது நூறாண்டுக்கு மேல் கிடந்தது.

1984 முதல் அதனைத் தேடும் ஆராய்ச்சி நடைபெற்றது. ஆவணக் காப்பகத்தில் கடிதங்கள் கிடைத்தன. தீபநகரரின் படைத்தலைவராயிருந்த செந்தோத்து, இளவரசர் அக்கெரிசைக் கிளேரென்சுக்கு அளித்ததைத் தாம் கண்டதாக எழுதியிருந்தார். அதன் ஓரத்தில் சாவகத்தின் புகழ்மிக்க ஓவியர் ராதன் சாலே, அக்கெரிசின் பெயர் 'கியாய் நாக சிலுமான்' எனக் குறித்து, அப்பெயரின் பொருளையும் விளக்கியிருந்தார். லெய்டனில் இருந்த கெரிசொன்றின் அலகில் நாக உருவமும், அதன்மேல் இருந்த பொன்வேலையின் எச்சமும் காணப்பட்டன. நெதர்லாந்து ஆய்வாளரும் இந்தோனேசிய வல்லுநரும் எழுத்தையும் பொருளையும் ஒப்பிட்டு, அதுவே இளவரசரின் கெரிசு என முடிவு செய்தனர். 2020 மார்ச்சுத் திங்களில் நெதர்லாந்து அரசு அதனை இந்தோனேசியாவுக்குத் திருப்பி அளித்தது.

அதன் பின்னரும் ஓர் ஐயம் எழுந்தது. 'நாக சிலுமான்' என வகைப்பெயர் பெறுவது, தலை மட்டும் தோன்றி உடல் மறைந்த நாகத்தையுடைய கெரிசு. இவ்வலகிலோ நாகத்தின் உடலும் காணப்படுகின்றதே எனச் சிலர் வினவினர். ஒரு கெரிசின் வகைப்பெயர் வேறு, உடையவர் அதற்கு இட்டு வழங்கும் சிறப்புப்பெயர் வேறு என்பது அதற்குக் கூறப்பட்ட விடை. நிறைமதி என்னும் பெயருடையாள் நிலவாதல் வேண்டுமோ? விடை ஏற்புடையதேயாயினும், வினாவியவர் பிழை செய்தார் அல்லர். ஒரு நாட்டு மக்கள் தம் தலைவனின் நினைவாக வணங்கிப் போற்றப் போகும் பொருளை எத்துணை முறை சோதித்தாலும் தகும்.

முடிவுரை

மாணவர்களே! அலகு வகையைக் கூறும்; உறை தான் செய்யப்பட்ட இடத்தைக் கூறும்; வேதியியல் பொய்யை விலக்கும்; பதிவேடு கைம்மாறிய வழியைக் காட்டும். இவற்றுள் ஒன்றையே பற்றி நிற்போன் தவறுவான். அனைத்தையும் ஒருங்கு வைத்து நோக்குவோன் உண்மையை அணுகுவான். சான்று ஒரு நூற்றாண்டைக் காட்டினால் ஒரு நூற்றாண்டு என்க. பாணியை மட்டும் காட்டினால் பாணி என்க. அதற்கு மேற்பட்டு, கேட்போர் மகிழ்வர் என்று ஓர் ஆண்டும் கூட்டிக் கூறுதல் வேண்டா. உங்கள் இல்லத்தில் பழைய விளக்கோ, வாளோ, மரப்பெட்டியோ இருப்பின், அது யாரிடமிருந்து எந்நாளில் வந்தது எனப் பெரியோரைக் கேட்டு இன்றே எழுதி, அப்பொருளோடு வையுங்கள். வரலாறு அப்பொருளோடு செல்லுமாயின், பின்வரும் மக்கள் நூறாண்டு தேட வேண்டிய இடர் நேராது.